தெல்மா வைத்த இரண்டு வாஷர்கள்

இங்கிலாந்தில் லெட்பரி ஊரில் இன்றைக்கு வழுக்கையும் தொப்பையுமாக நடமாடுகிற ஆண்களில் பாதிப்பேர் தெல்மா ரடக் கையால் கஸ்டர்ட் வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தே காலத்தை ஓட்டியவள். கஸ்டர்டில் கட்டி இருக்கிறது என்று முகம் சுளித்த பையனைப் பார்த்து, "கட்டியா? அது உனக்குன்னு ஸ்பெஷலா போட்டது, முழுங்கு" என்பாள். அந்தப் பையன்கள் இன்றும் கடைத்தெருவில் அவளைக் கண்டால் முதுகை நிமிர்த்திக்கொள்கிறார்கள். பயமா, பாசமா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

அவள் கணவர் கிளிஃபோர்ட் தண்ணீர் வாரியத்தில் குழாய் அழுத்தம் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். பிள்ளை குட்டி இல்லை. இருந்தது ஒரு பச்சை நிறக் கார், இரண்டே பேர் உட்காரக்கூடியது, துணிக்கூரை, தரையோடு தரையாகக் கிடக்கும். அந்தக் கார் வந்த நாள் முதல் தெல்மாவுக்கு ஒரு சக்களத்தியும் வந்து சேர்ந்தாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு வெள்ளை முள், ஆயில் பிரஷர் காட்டுகிற முள். கிளிஃபோர்ட் சாலையை ஒரு தடவை பார்த்தால் அந்த முள்ளை இரண்டு தடவை பார்ப்பார். பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பது பெட்ரோல் போட நிறுத்தும்போது மட்டும்தான்.

பக்கத்து இருக்கையிலேயே வாழ்ந்ததால் தெல்மாவுக்கும் முள்ளின் குணம் தெரியும். காலையில் இன்ஜினை முடுக்கியதும் முள் எழுபதுக்குத் தாவும். காரைப் புதிதாக வாங்கினவன் அதைப் பார்த்துப் பூரித்துப் போவான். தெல்மா அவனைப் பார்த்துச் சிரிப்பாள். "ஆறிப்போன கஸ்டர்டக் குழாய்ல தள்ளுனா குழாய் விம்மத்தான் செய்யும். அதுக்காகக் குழாய் நல்லாயிருக்குன்னு அர்த்தமா?" எண்ணெய் சூடாகி இளகிய பிறகு முள் எங்கே நிற்கிறதோ அதுதான் இன்ஜினின் உண்மையான வயசு. சாலையில் ஓடும்போது ஐம்பதுக்கு மேல், சிக்னலில் நின்று சும்மா உறுமும்போது இருபது என்றால் நிம்மதி. உள்ளே பேரிங் தேயத் தேய இடுக்கு பெரிதாகும், எண்ணெய் தடையில்லாமல் நழுவும், முள் இறங்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த மாதிரிக் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் மதுக்கடைத் தோட்டத்தில் கூடுவார்கள். அங்கே யாரும் யாரையும் நலம் விசாரிப்பது கிடையாது. "சூட்டுல எவ்வளவு?" என்பதுதான் வணக்கம். தன் ரத்த அழுத்தத்தை டாக்டரிடமே மறைக்கிற ஆண்கள், காரின் அழுத்தத்தை ஊருக்கே சொல்வார்கள், அதிலும் ஐந்தோ பத்தோ கூட்டித்தான் சொல்வார்கள். கிளிஃபோர்ட் மட்டும் உள்ளதைச் சொல்வார். அந்த வசந்தத்தில் அவர் சொன்னதைக் கேட்டு எல்லாரும் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்கள். சாலையில் நாற்பது. நின்றால் எட்டு.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். அன்றிலிருந்து கார் ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

தெல்மாவுக்கு இது பெரிய இடி. பள்ளிக்கூடம் மூடுகிற வாரம் தவறாமல் கூரையைக் கழற்றிவிட்டு வேல்ஸ் மலையைத் தாண்டி அபெரிஸ்ட்வித் கடற்கரைக்குப் போவது அவர்கள் வழக்கம். வருஷம் முழுக்கக் காதில் அடைந்துகிடந்த பிள்ளைகளின் கூச்சலும் தட்டுச் சத்தமும் அந்த மலைக்காற்றில்தான் அவளை விட்டு இறங்கும். ஓய்வு பெற்ற பிறகும் அவள் அதை விடவில்லை. இந்த வருஷம் விட்டால் இனி இல்லை என்ற நிலைமை. இடது இடுப்பு மூட்டு போய்விட்டது. இலையுதிர் காலத்தில் புது மூட்டு வைக்கப் போகிறார்கள். முழங்கால் இடுப்புக்கு மேலே வருகிற மாதிரி எந்தத் தாழ்ந்த இருக்கையிலும் இனி உட்காரக் கூடாது, வலது பக்கமும் கிட்டத்தட்ட முடிந்த கதைதான், அந்த மாதிரிக் காரையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அவள் ஆரம்பித்தாள்.

"கடலுக்குப் போகலாம் கிளிஃப். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ."

"பஸ்ஸுல போகலாமே."

"பஸ்ஸுல போறதுக்கு உன்ன எதுக்குக் கட்டிக்கிட்டேன்? பஸ் டிரைவரையே கட்டியிருப்பேனே."

"முள்ளு எட்டுக்கு வந்துருச்சு தெல்மா. அந்த மலையில ஏத்துனா பேரிங் போயிரும். பேரிங் போனா கிராங்குத் தண்டும் போயிரும். அடுத்த வருஷம் இன்ஜினப் பிரிச்சு வேலை பாத்துட்டு..."

"அடுத்த வருஷம் நான் அதுல உக்கார முடியாதுய்யா! டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதானே இருந்த? பிடிச்சு வச்ச பொம்மை மாதிரி."

கிளிஃபோர்ட் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கார் ஷெட்டுக்குப் போய்விட்டார். கோபம் வந்தாலும் துக்கம் வந்தாலும் அவர் போக்கிடம் அதுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று தெல்மா ஜன்னல் வழியாகக் கத்தினாள். பூசாரி காதில் விழுந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு மதுக்கடையில் ரோலி ஹாஸ்கெட் என்ற கூட்டாளி வம்பளந்துகொண்டிருந்தான். இன்ஜின் பக்கவாட்டில் ஒரு வால்வு இருக்கிறது, அழுத்தம் அளவு மீறினால் ஒரு ஸ்பிரிங் அமுங்கித் திறந்துகொண்டு எண்ணெயைத் திருப்பி விட்டுவிடும். "அந்த ஸ்பிரிங்குக்கு அடியில ஒரு வாஷரச் சொருகு. முள்ளு மாப்பிள்ளை மாதிரி நிமிந்து நிக்கும். பழைய கார் விக்கிறவன் பாதிப்பேரு அதத்தான் பண்றான்." எல்லாரும் சிரித்தார்கள். தெல்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, அந்த வால்வு மூடி எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த ஸ்பேனர் பிடிக்கும் என்று ஆப்பிள் மதுவை உறிஞ்சியபடியே பச்சைப்பிள்ளை மாதிரி விசாரித்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் கிளிஃபோர்ட் சர்ச் கோபுரத்தில் மணி அடிக்கப் பழகப் போவார். எட்டுப் பேர், எட்டு மணிகள், அவற்றில் பெரிய மணியின் கயிறு இவர் கையில். மணி ஒலிக்கிற வரைக்கும் மனிதர் எங்கே இருக்கிறார் என்று சந்தேகமே வேண்டாம். முதல் மணி விழுந்ததும் தெல்மா தோட்டத்தில் களை பிடுங்க மண்டியிடுகிற மெத்தையை ஷெட்டில் போட்டு, அதன் மேல் பக்கவாட்டில் சாய்ந்து, காருக்கு அடியில் கையை விட்டாள். இடுப்பு உயிர் போகிற மாதிரி வலித்தது. மூடி லேசில் அசைந்து கொடுக்கவில்லை. அசைந்தபோது விரல் நசுங்கியது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல, கத்தவும் முடியவில்லை. ஒரு வாஷரைப் போட்டாள். போட்டதுதான் போட்டோம், கஞ்சத்தனம் எதற்கு என்று இன்னொன்றையும் போட்டு மூடியை முறுக்கினாள்.

அந்த நேரம் பார்த்து மணி நின்றது. தெல்மாவுக்கோ எழுந்திருக்க முடியவில்லை. காரின் பம்பரைப் பிடித்து, சக்கரத்தைப் பிடித்து, வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் பிடித்து எழுந்தாள். கிளிஃபோர்ட் வீட்டுக்குள் வந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாளா என்று இன்றைக்கும் அவளுக்குச் சந்தேகம்.

சனிக்கிழமை கிளிஃபோர்ட் காரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். பக்கத்தில் தெல்மா, மூச்சுவிடாமல். எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகும் முள் ஐம்பத்தைந்தில் நின்றது. கிளிஃபோர்ட் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா உறுமவிட்டு, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். தெல்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அணைத்தார்.

"வியாழக்கிழமை மழை இல்லையாம்" என்றார். "போகலாமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட பூரிப்பில் தெல்மாவுக்கு அன்று ராச் சாப்பாடே இறங்கவில்லை.

வியாழக்கிழமை கூரையைக் கழற்றிவிட்டுக் கிளம்பினார்கள். தெல்மாவின் தலையில் பட்டுத்துணி, மடியில் வெள்ளரிக்காய் சாண்ட்விச். ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் புரியவில்லை. வழியில் எங்கே நின்றாலும் கிளிஃபோர்ட் உடனே இன்ஜினை அணைத்தார். சிக்னலில் அணைத்தார். ரேயடர் ஊர் மணிக்கூண்டடியில் அணைத்தார். மலைமேல் செம்மறியாட்டுக் கூட்டம் குறுக்கே வந்தபோதும் அணைத்துவிட்டுக் காத்திருந்தார். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறான் கஞ்சப் பிசினாறி என்று நினைத்துக்கொண்டாள். காற்று முகத்தில் அறைந்தது. இடுப்பைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

அபெரிஸ்ட்வித்தில் கடலோர நடைபாதையின் கோடி வரைக்கும் நொண்டி நொண்டி நடந்து, அங்கே இருக்கிற கம்பியை அந்த ஊர் வழக்கப்படி எல்லாரையும் போல அவளும் உதைத்தாள். நல்ல காலால்தான் உதைத்தாள், ஆனால் உதைக்க நின்றது கெட்ட கால். கிளிஃபோர்ட் தோள் கொடுத்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றார்கள். மனசு நிறைந்துபோனால் வாய் நிற்காது அவளுக்கு.

"கிளிஃப், ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"வாஷரா?"

தெல்மாவின் கையிலிருந்த வறுவலைக் கடற்காகம் கொத்திக்கொண்டு போனது. அவள் கவனிக்கவில்லை.

"ரோலி சொல்லிட்டானா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? ஓடும்போது பதினஞ்சு ஏறிருச்சு. நின்னா அதே எட்டு, அதான் நின்ன எடத்துல எல்லாம் அணைச்சேன். வாஷரு மேல போறதத்தான் தூக்கும் தெல்மா. நீ அந்த ஸ்பிரிங்குக்கு அடியில சர்ச் மணியவே வச்சாலும் நிக்கும்போது ஏறாது. அது பேரிங்கோட கணக்கு. பேரிங்குக்குப் பொய் தெரியாது." வறுவலை மென்றார். "ஒண்ணுதானே போட்ட?"

"ரெண்டு."

"அடிப்பாவி!"

"தெரிஞ்சும் ஏன்யா வந்த? இன்ஜின் போயிட்டா?"

கிளிஃபோர்ட் வறுவல் பொட்டலத்தை மடித்துப் பெஞ்சில் வைத்தார்.

"அந்த இடுப்ப வச்சுக்கிட்டு சிமெண்டுத் தரையில படுத்திருக்கியே. பம்பர்ல உன் கை அப்பியிருந்துச்சு, அஞ்சு விரலும், எண்ணெயோட. எப்படித்தான் எந்திரிச்சியோன்னு அங்கயே நின்னுட்டேன். எனக்கு அழுகையே வந்துருச்சு. அதுக்கு மேல நான் முள்ளப் பத்திப் பேசுனா மனுஷனா?"

பள்ளிக்கூடத்தையே அடக்கியவள் அன்று மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மனிதரை அவள் நேசித்தாள். எவ்வளவு என்று அந்த பெஞ்சில் வைத்துத்தான் அவளுக்கே முழுசாகத் தெரிந்தது.

திரும்பும்போது இன்ஜின் தன் வேலையைக் காட்டியது. கடல் மட்டத்திலிருந்து மலை ஏற ஏற, அடிவயிற்றிலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம். இருவருக்கும் கேட்டது. வாஷர் போட்ட முள்ளும் இப்போது முப்பதுக்கு இறங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தது தெல்மாதான். ஊருக்கெல்லாம் கிண்டலாகச் சொல்வாளே அந்த முள் பார்க்கிற வியாதி, அது அவளுக்கே ஒட்டிக்கொண்டது.

"நிறுத்து கிளிஃப். பேரிங் போகுது. நிறுத்தச் சொல்றேன்ல!"

மலை முகடு வந்தது. கிளிஃபோர்ட் கியரை விடுவித்து இன்ஜினை அணைத்தார். சத்தம் நின்றது. கார் நிற்கவில்லை.

"நிறுத்திட்டேனே" என்றார். "காரை எதுக்கு நிறுத்தணும்? லாங்கூரிக் ஊரு வரைக்கும் இனிமே இறக்கந்தான்."

இலையுதிர் காலத்தில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தெல்மா இப்போது கடைத்தெருவில் கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். இன்ஜினைப் பிரித்தபோது பேரிங் எல்லாம் தேய்ந்து அடியிலிருந்த செம்பு பல்லிளித்ததாம். புதிது போட்டாயிற்று. சூட்டில் நின்றால் இருபத்திரண்டு. அவள் இருக்கையில் இப்போது மளிகைப் பை போய்வருகிறது.

ஆனால் அன்றைக்கு அந்த இறக்கத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் சத்தம் இல்லை. காற்று, டயர் உருளும் ஓசை, ஓரத்தில் ஆறு ஓடுகிற ஓசை. மாலை வெயில் மலைச்சரிவு முழுக்கக் கொட்டிக் கிடந்தது. இத்தனை வருஷமும் இந்த வழியாக வந்தும் அந்த ஆற்றின் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

"கிளிஃப், முள்ளு சைபர்ல கெடக்கு."

"கெடக்கட்டும்."

"பாக்கலையா நீ?"

"எங்க பாக்க விடுற? பட்டுத்துணி அவுந்து போச்சு பாரு, முடியெல்லாம் பறக்குது. அப்படியே இரு, கட்டாத. நல்லாத்தான் இருக்கு."

அவள் கட்டவில்லை. வளைவு வந்தது. கிளிஃபோர்ட் பிரேக்கைத் தொடாமலே திருப்பினார்.