புழுக்கல் வெட்டின கால்

என் மனுசன் இறாலைக் காலால் தேடிப் பிடிக்கிறவர். கிண்ணியாப் பாலத்துக்கு அங்கால, முழங்கால் தண்ணீரில் வெறுங்காலோடு மெல்ல நடப்பார். சேற்றுக்குள் இறால் துடித்தால் பாதத்துக்குத் தெரியும். குனிந்து கையால் அமத்துவார். "அண்ணைக்குக் கண் உள்ளங்காலிலயெல்லோ!" என்று பக்கத்து வீட்டுக்காரன் பகிடி விடுவான்.

பிறகு அந்தப் புழு வந்தது. கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்ததாம். வெள்ளை வெள்ளையாகக் குழாய் கட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கல்லாக இறுகிவிடும். புழுக்கல் என்போம். விளிம்பு பிளேட் மாதிரி வெட்டும். துறைமுகத்துக்குக் கப்பல், எங்களுக்குப் புழு. வெறும் சேற்றில் இறால் குறைந்தது. சின்ன இறாலும் குஞ்சு நண்டும் அந்தக் குழாய் இடுக்குகளுக்குள் குடியேறிவிட்டன. மீனுக்குத் தப்ப அதைவிட நல்ல இடம் ஏது? "இனி அங்கதான் இறால் கிடக்கும்" என்று இவரும் அதுகளுக்குப் பின்னால் போனார்.

"செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கோ."

"செருப்போட இறால் பிடிக்க ஏலுமோ? விசர்க் கதை கதைக்கிறீர்."

ஒரு நாள் மத்தியானம் வந்தார். வாசலில் இருந்து குசினிவரை சிவப்புக் கால் தடம்.

"இஞ்சாருங்கோ, இதென்ன ரத்தம்?"

குனிந்து பார்த்தார். "என்ர காலோ?"

அவருக்கு நோகவே இல்லை. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அந்தப் பாதங்களை எப்போதோ மரக்கப் பண்ணிவிட்டது. வெறுங்கையோடு வந்த நாட்களில், காலடியில் இறால் துடித்தும் தெரியாமல் வந்த நாட்கள் எத்தனையோ. ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும்.

காயம் அழுகிப்போய், ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே.

அடுத்த நாள் காலை நான் சுத்தியலோடு போய் ஒரு புழுக்கல்லை உடைத்தேன். உள்ளே இருந்து நகமளவு நண்டுகள் சிதறி ஓடின. இறால் குஞ்சுகள் துள்ளி விழுந்தன. ஒரு நண்டின் வயிற்றடியில் முட்டை. அடிக்க அடிக்க இன்னும் வந்தன. என் வீட்டை நாசமாக்கிவிட்டு அதுகளுக்கு என்ன வாழ்வு! கை வெட்டுப்பட்டு ரத்தம் வரும்வரை அடித்தேன்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பார்த்தவுடனே விளங்கிக்கொண்டார்.

"அங்கயோ போனனீர்? இறால் கிடந்ததோ?"

"ஓம். நிறைய."

"நான் சொன்னனான்தானே!" முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கே போவம்" என்று எழும்பப் பார்த்தார்.

போர்வைக்குள் ஒரு கால்தான் அசைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.