திட்டு வாங்குவதற்கென்று ஒருவர்

என் அண்ணிக்குத் தொண்டை பெரியது. சலவைக்கடை வைத்திருக்கிறவளுக்கு அது ஒரு குறையே இல்லை. இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஓடும்போது சாதாரண ஆள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. ஆனால் அண்ணி இயந்திரம் நின்ற பிறகும் அதே குரலில்தான் பேசுவாள். வீட்டில் அவள் உப்பைக் கேட்டால் எதிர்வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வருவார்கள்.

நான் அவளுக்கு நாத்தனார். தினமும் கடைக்குப் போய், வந்திருக்கும் துணிகளில் அடையாளச் சீட்டு குத்திக் கொடுப்பேன். நாத்தனார் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது அண்ணியின் கட்சி. தாராளமாகத் தள்ளிவிடுங்கள். மீதிப் பாதியே போதும்.

கடை ஒரே நீள அறை. நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு முன்னால் மேசையும் வாடிக்கையாளர் உட்கார ஒரு பெஞ்சும். திரைக்குப் பின்னால் துவைக்கும் இயந்திரங்கள், கொடிக்கயிறுகள், சன்னலோரமாக இஸ்திரி மேசை. துவைப்பது அண்ணி. துவைக்கிற வேலையை அவள் வேறு யாரிடமும் விடமாட்டாள். இஸ்திரி போடுவதற்கு, கடை திறந்த காலத்திலிருந்தே ஒருவர் இருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் இஸ்திரிக்காரர். அண்ணிக்கு மட்டும் 'அண்ணே'. அதிலும் ஒரு சங்கதி உண்டு: திரைக்குப் பின்னால்தான் 'அண்ணே, வாங்க, சாப்பிட்டீங்களா' எல்லாம். திரைக்கு முன்னால் வந்துவிட்டால் அவர் 'யோவ்'.

அது எப்படி ஆரம்பித்தது என்றால், கடை புதிதாக இருந்தபோது ஒருவர் சட்டைப் பொத்தான் உடைந்துவிட்டது என்று மேசையைத் தட்டித் தட்டிக் கத்தினார். அண்ணிக்குக் கைகால் ஓடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் திரையை விலக்கி, "யோவ், இங்க வாய்யா!" என்று கூப்பிட்டு, அவரைப் பிடித்து ஏறு ஏறு என்று ஏறிவிட்டாள். இஸ்திரிக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்து, ஒரு கையால் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றார். கத்த வந்தவருக்கே மனசு இளகிவிட்டது. "விடுங்கம்மா, பாவம். ஒரு பொத்தான்தானே," என்று அவரே சமாதானம் பேசிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு வேற வழி தெரியல." இஸ்திரிக்காரர் சிரித்தார். "நல்லாத்தானேம்மா வேலை செஞ்சுது? மறுபடி யாராவது கத்தினா கூப்பிடுங்க."

அப்படித்தான் அது எங்கள் கடையின் வழக்கமாகிவிட்டது. யார் புகாரோடு வந்தாலும் திரை விலகும், அவர் வந்து நிற்பார், அண்ணி திட்டுவாள், வந்தவர் "விடுங்க, பாவம்" என்பார். பிறகு அண்ணி அவருக்கு டீ போட்டுக் கொடுப்பாள். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "இன்னைக்கு சரியா இருந்துச்சாம்மா?" என்று கேட்பார். "பிரமாதம்ணே. அந்தப் பிடரியைத் தடவினீங்க பாருங்க, அதுலதான் அவர் விழுந்தார்." மூன்று பேரும் சிரிப்போம். ஆமாம், நானும்தான். இதற்குச் சட்டதிட்டமும் இருந்தது: அவர் குடும்பத்தை இழுக்கக் கூடாது, வயதைச் சொல்லக் கூடாது, வேலையை விட்டுப் போ என்று சொல்லக் கூடாது.

இந்த நாடகத்தால் அண்ணிக்குத் தெருவில் பெரிய பெயர். பெயிண்ட் கடைக்காரர் தன் ஆட்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அண்ணியிடம் யோசனை கேட்க வருவார். "அதட்டணும். ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்கக் கூடாது," என்று அண்ணி நாற்காலியில் சாய்ந்துகொண்டு பாடம் நடத்துவாள். தான் நடத்துவது நாடகம் என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

எல்லாம் அந்தக் கோட்டு வரும்வரைக்கும் நன்றாகத்தான் போனது.

பள்ளித் தலைமையாசிரியையின் கம்பளிக் கோட்டு அது. சாம்பல் நிறம். அவருடைய அம்மா போட்டுக்கொண்டிருந்தது. பள்ளி விடுதியின் போர்வைகள், விரிப்புகள் எல்லாம் எங்கள் கடைக்குத்தான் வரும். அந்த ஒரு வேலைதான் கடையைத் தூக்கி நிறுத்தியிருந்தது. கோட்டைத் தனியாக, பச்சைத் தண்ணீரில், கையால் அலச வேண்டும் என்று நானே சீட்டில் எழுதிக் குத்தியிருந்தேன். அண்ணி அன்றைக்கு ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ வம்பளந்துகொண்டிருந்தாள். விடுதி விரிப்புகளை அள்ளியபோது கோட்டையும் சேர்த்து அள்ளி, கொதிக்கிற தண்ணீர் ஓடும் இயந்திரத்தில் திணித்துவிட்டாள். வெளியே எடுத்தபோது அது ஒரு பொம்மைக்குப் போடுகிற கோட்டாக இருந்தது. அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. இஸ்திரிக்காரர் அதை வாங்கி, ஆவி காட்டி இழுத்துப் பார்த்தார். கம்பளி ஒருமுறை சுருங்கினால் சுருங்கினதுதான். "முடியாதும்மா," என்றார்.

மறுநாள் தலைமையாசிரியை வந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கோட்டைக் கையில் வாங்கி, அதன் கையை விரலால் நீவி நீவிப் பார்த்தார். "இது எங்க அம்மாவோடது," என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அண்ணி பழக்கதோஷத்தில் திரையை விலக்கினாள். "யோவ், இங்க வாய்யா! என்ன பண்ணி வச்சிருக்கே பாரு!"

இஸ்திரிக்காரர் வந்தார். தலை குனிந்தது, கை பிடரிக்குப் போனது. அப்போதுதான் வாசலில் இன்னொரு ஜோடிச் செருப்பைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருடைய மகள். அந்த மாதம்தான் அதே பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். போகிற வழிதானே என்று தலைமையாசிரியை அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவள் யார் மகள் என்பது அவருக்குத் தெரியாது.

அண்ணியும் அவளைப் பார்த்துவிட்டாள். இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. பார்த்துவிட்டாள், நிறுத்தியிருக்கலாம். ஆனால் தலைமையாசிரியை இன்னும் "விடுங்க, பாவம்" சொல்லவில்லை. அந்த வார்த்தை வரும்வரை அண்ணிக்கு நிறுத்தத் தெரியாது. குரலை இன்னும் ஏற்றினாள். "கண்ணு தெரியலன்னா வீட்டுல உக்காரவேண்டியதுதானே! வயசானா புத்தி வேண்டாமா? ஒரு சீட்டைப் படிக்கக்கூடத் துப்பில்லையா?"

தலைமையாசிரியை கோட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "போதும்மா, விடுங்க," என்று எழுந்து போனார். மகள் அப்பாவைப் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. கார் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

அன்றைக்கும் அண்ணி டீ போட்டாள். அவர் வாங்கிக்கொண்டார். சரியாக இருந்ததா என்று கேட்கவில்லை. "வரம்பு மீறிட்டேண்ணே," என்றாள் அண்ணி. "பரவால்லம்மா. பெரிய வேலை, கைவிட்டுப் போயிடக்கூடாது," என்றார். டீ ஆடை கட்டிப்போய் மேசை ஓரத்திலேயே இருந்தது.

காலையில் இஸ்திரிப்பெட்டி சூடானதும் முதலில் மகளுடைய உடைகளைத் தேய்ப்பது அவர் வழக்கம். வீட்டிலிருந்து ஒரு துணிப்பையில் கொண்டு வருவார். அவள் பள்ளிக்கூடச் சீருடை போட்ட காலத்திலிருந்தே அப்படி. மறுநாள் அந்தப் பை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அண்ணி கேட்டதற்கு, "அவளே வீட்டுல தேச்சுக்கிறாளாம். பெரிய மனுஷி ஆயிட்டா," என்று சிரித்தார். சொல்லிவிட்டு நேராக ஏதோ ஒரு வாடிக்கையாளரின் சட்டையை எடுத்து விரித்தார்.

அன்றிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் உப்பை அவளே போய் எடுத்துக்கொண்டாள். ஒருநாள் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னாள், "பெத்த பொண்ணு முன்னாடி அவரைக் கையாலாகாதவரா ஆக்கிட்டேன்டி. அவ இனிமே அவர் கையில ஒரு துணிகூடக் குடுக்கமாட்டா. நான் பண்ணின தப்புக்கு."

"அப்ப போய் உண்மையைச் சொல்லு."

"சொன்னா பள்ளிக்கூட வேலை போயிடும்."

"அப்ப சொல்லாதே," என்றேன். நாத்தனார் வேறென்ன சொல்வாள்?

இதற்கு நடுவில் பெயிண்ட் கடைக்காரர் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீங்க சொன்ன மாதிரியே கஸ்டமர் முன்னாடி வச்சு அதட்டினேன்மா. ஆளு மறுநாளே நின்னுட்டான். உங்க ஆளு மட்டும் எப்படி இத்தனை வருஷமா நிக்கிறாரு?" அண்ணி உள்ளே வேலையிருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். உள்ளே ஒரு வேலையும் இல்லை.

அடுத்த முறை தலைமையாசிரியை விடுதித் திரைச்சீலைகளோடு தனியாக வந்தார். மூட்டையை மேசையில் வைத்துவிட்டு, "அந்த ஆள் இன்னும் இருக்காரா? இதை அவர் கையில மட்டும் குடுத்துடாதீங்க," என்றார்.

அண்ணி எழுந்து திரையை விலக்கினாள். "அண்ணே, கொஞ்சம் வாங்க."

திரைக்கு முன்னால் 'அண்ணே' என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன். அவர் வந்தார். வந்ததும் தலை தானாகக் குனிந்தது, கை தானாகப் பிடரிக்குப் போனது.

"டீச்சரம்மா, உங்க கோட்டைக் கெடுத்தது இவரில்ல. நான்தான். போன் பேசிக்கிட்டே சுடுதண்ணில போட்டுட்டேன். பழியை இவர் தலையில கட்டிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க." அண்ணியின் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

தலைமையாசிரியை அண்ணியைப் பார்த்தார். பிறகு குனிந்து நிற்கிற இஸ்திரிக்காரரைப் பார்த்தார். தலைமையாசிரியையின் முகம் கனிந்துவிட்டது. "உங்களுக்குப் பெரிய மனசும்மா. வேலைக்காரன் பண்ணின தப்பை நீங்க ஏத்துக்கறீங்க. எங்க ஸ்கூல்ல இப்படி ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்ல."

"ஐயோ, இல்லங்க. நிஜமாவே நான்தான்!"

"புரியுது, புரியுது."

"அண்ணே, தலையை நிமிர்த்துங்கண்ணே. நீங்க சொல்லுங்க," என்று அண்ணி கெஞ்சினாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் குனிந்தார். இத்தனை வருஷமாக அந்த இடத்தில் நிற்பதற்கு அவருக்கு வேறு விதம் நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. தலைமையாசிரியை அண்ணியின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். வேலையும் போகவில்லை. அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அடி வாங்க எழுந்து நின்றவளுக்கு மாலை போட்டுவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

அன்று சாயங்காலம் அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் இன்னும் கடையிலிருந்து திரும்பவில்லை. மகள் மட்டும் இருந்தாள். கூடத்தில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். கோட்டை, போனை, திரையை, டீயை, பிடரியைத் தடவுவதை. "உங்கப்பா ஒரு தப்பும் பண்ணலம்மா. அவர் தொழில்ல அவரை அடிச்சுக்க ஆளில்ல. அவரைத் தப்பா நெனச்சு நீ துணி குடுக்காம இருக்காதே."

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அதுக்காக நான் நிறுத்தல அத்தை. எங்க ஹெச்.எம். முன்னாடி, இவர் எங்கப்பான்னு அன்னைக்கு எனக்குச் சொல்ல வாய் வரல. அவரை விட்டுட்டுப் போய் கார்ல ஏறினேன். அப்புறம் அவர் தேச்சுக் குடுக்கிறதை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போட்டுக்கிறது?"

அவள் குனிந்து சுவிட்சை அணைத்தாள்.

"அவர் மேல தப்பு இருக்கு, அதனாலதான் திட்டுறாங்க, நாம எப்படி நடுவுல பேசறதுன்னு மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். எனக்கு இருந்தது அந்த ஒரு சாக்குதான்," என்றாள். கண் நிறைந்துவிட்டது. "இப்ப அதையும் எடுத்துட்டீங்களே அத்தை."

திரும்பி வரும் வழியில் அண்ணி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். நானும் வம்புக்கு இழுக்கவில்லை.

மறுநாள் காலையில் இஸ்திரிக்காரர் கையில் துணிப்பையோடு வந்தார். அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். அவர் பெட்டியைச் சூடாக்கி, மகளுடைய உடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்து அடுக்கினார். அதை முடித்த பிறகுதான் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார்.

"பொண்ணு எல்லாம் சொன்னா. ரெண்டு பேரும் அழுது தீர்த்துட்டோம். ஒண்ணு கேக்கணும்மா."

"சொல்லுங்கண்ணே."

"வேலைக்கு எப்ப வேணா கூப்பிடுங்க. திரைக்கு முன்னாடி மட்டும் இனிமே கூப்பிடாதீங்க."

"சரிண்ணே," என்றாள் அண்ணி.

அன்று மதியமே ஒருவர் வந்தார். புதுச் சட்டையில் சாயம் ஏறிவிட்டதாம். மேசையைத் தட்டினார், கடையை இழுத்து மூடச் சொன்னார், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். அண்ணியின் கை தன்னை அறியாமல் திரைவரை போய்விட்டது. பிறகு திரும்பி வந்து மேசைமேல் உட்கார்ந்துகொண்டது. "நான்தாங்க துவைச்சேன். தப்பு என்னோடதுதான்," என்றாள். அவர் அதற்கும் திட்டினார். அண்ணி தலை குனிந்து நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டாள். விடுங்க, பாவம் என்று யாரும் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் இஸ்திரிப்பெட்டி ஓடுகிற சத்தம் ஒருமுறைகூட நிற்கவில்லை.