யானைக் காட்டுக்கு இரண்டு இடம்

நான் கோவில்பட்டியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் எங்கள் கப்பல் பயணத்தைப் பற்றித் தெருப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் என் மகள் ஒரு விதமாகச் சொல்கிறாள், என் மனைவி இன்னொரு விதமாகச் சொல்கிறாள். இரண்டிலும் குற்றம் என் மேல்தான். அதனால் பிள்ளைகளே, நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நன்றாக விற்கிற கடைக்காரர்களைப் பெயின்ட் கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை டூர் கூட்டிப் போவார்கள். அந்த வருஷம் எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களுக்குக் கப்பல் டூர் கிடைத்தது. சென்னையில் ஏறி, இலங்கைக்குப் போய்த் திரும்ப வேண்டும். குடும்பத்தோடு போகலாம். நாங்கள் மூன்று பேர்தான்: நான், மனைவி, ஒன்பது வயது மகள். அதுவரை நாங்கள் ஏறியதிலேயே பெரிய வண்டி ரயில்தான்.

இதில் ஒரு விஷயம் உண்டு. கப்பல் அம்பாந்தோட்டை என்ற துறைமுகத்தில் காலையில் போய் நிற்கும், சாயங்காலம் கிளம்பிவிடும். அந்த இடைவெளியில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். எதைப் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே போனில் பதிந்துகொள்ள வேண்டும். மூன்று இடங்கள் போட்டிருந்தார்கள். ஜீப்பில் யானைக் காடு. கதிர்காமம் முருகன் கோயில். மூன்றாவது, உப்பளம்.

உப்பளத்தைப் படித்ததும் நாங்கள் சிரித்துவிட்டோம். எங்கள் மாவட்டத்துக் குளத்தூர்ப் பக்கம் பைக்கை விட்டால் பார்க்கிற உப்பைக் கடல் தாண்டிப் போயா பார்ப்பது?

மகளோ யானை என்ற வார்த்தையை விட்டு நகரவில்லை.

"யப்பா, கால்ல சங்கிலி இல்லாத யானையா?"

"ஆமாட்டி. காட்டு யானை. தானா நடந்து போவும்."

"கண்டிப்பா கூட்டிட்டுப் போவீங்களா?"

"கண்டிப்பா" என்றேன். அன்றிலிருந்து நோட்டில், அட்டையில், கடை ரசீதின் பின்பக்கத்தில் எல்லாம் யானைதான்.

பதிவு ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குத் திறக்கும் என்று செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் புதிதாக எதையும் தொடங்க மாட்டோம். கடைக்குச் சரக்கு வந்தால்கூட லாரி ஓரமாக நிற்கும். டிரைவர் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருப்பார்.

கோடை விடுமுறை, அதனால் மகள் வீட்டில்தான் இருந்தாள். பத்து மணிக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டாள்.

"யப்பா, மணி ஆயிட்டு. போடுதேன்."

"பொறு. பன்னெண்டு அடிக்கட்டும்."

"அதுக்குள்ள தீந்துருமேப்பா!"

"தீராது. அம்புட்டுப் பெரிய கப்பல், எடம் கொஞ்சமாவா வச்சிருப்பாங்க?"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "தட்கல் டிக்கெட்டு பதினோரு மணிக்குப் போடுதீங்களே, அப்ப மட்டும் ராகுகாலம் எங்க போச்சாம்?"

"அது அவசரம். இது நல்ல காரியம்" என்று சொல்லி, போனை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். மகள் கடிகாரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு தாண்டி ஒரு நிமிஷத்தில் நல்லபடியாகக் கும்பிட்டுவிட்டுப் போனை எடுத்துக் கொடுத்தேன். வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. யானைக் காடு, இடம் நிரம்பிவிட்டது. கதிர்காமம், இடம் நிரம்பிவிட்டது. உப்பளம், இடம் இருக்கிறது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். போனை என் கையில் வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். யானைக் காட்டுக்கு வெயிட்டிங் லிஸ்டில் மூன்று பேரையும் போட்டேன். கை சும்மா இருக்குமா? உப்பளத்துக்கும் பதிந்து வைத்தேன். வாக்குக் கொடுத்துவிட்டு நாமே கெடுத்துவிட்டோமே என்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

விளாத்திகுளத்தில் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் அதே டூரில் வந்தார். முருகன் மேல் ரொம்பப் பக்தி. அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, கதிர்காமம் கெடச்சுதா?"

"நீரு எத்தன மணிக்கு வே போட்டீரு?"

"பன்னெண்டு ஒண்ணு."

"நானும் பன்னெண்டு ஒண்ணுதான். முருகனப் பாக்கப் போறதுக்கே ராகுகாலம் பாத்திருக்கேன் பாரும். அவன் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்."

சாயங்காலத்துக்குள் முழுக் கதையும் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய பதினோரு குடும்பமும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமலே பன்னிரண்டு ஒன்றுக்குத்தான் பதிந்திருந்தது. பதினோரு குடும்பத்துக்கும் உப்பளம்.

கப்பல் ஏறிய பிறகு மற்றவர்கள் நீச்சல் குளத்தையும் பாட்டுக் கச்சேரியையும் பார்க்கப் போனார்கள். நான் டூர் கவுண்டரைப் பார்க்கப் போனேன். அங்கே ஒரு மலையாளப் பெண் இருந்தார். தமிழ் நன்றாகப் பேசினார். முதல் நாள் மட்டும் ஏழு தடவை போயிருப்பேன். ஏழாவது தடவை நான் வாயைத் திறக்கும் முன்பே, "இல்ல சார்" என்றார்.

மறுநாள் கடல் ஆடியது. நிறையப் பேர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு அறையிலேயே படுத்துவிட்டார்கள். அடுத்தவர் தலைசுற்றலில் சந்தோஷப்படக் கூடாது, தெரியும். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடத்தான் செய்தது.

அம்பாந்தோட்டையில் கப்பல் நின்ற காலை, ஆறு மணிக்கே கவுண்டரில் நின்றேன். அந்தப் பெண் சிரித்தார்.

"ரெண்டு இடம் இருக்கு சார். மூணு இல்ல. சின்னப் பிள்ளைகூட ஒரு பெரியவர் போகணும். அப்புறம், யானை வரும்னு நாங்க உறுதி சொல்ல முடியாது. காடு சார், வரலாம், வராமலும் போகலாம்."

"அஞ்சே நிமிஷம் பிடிச்சு வையுங்கம்மா" என்று அறைக்கு ஓடினேன். மகள் பாதித் தலை பின்னியபடி உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஒரே குதி. சீப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"அப்பா வரட்டுமா, அம்மா வரட்டுமா?"

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா வரட்டும்."

"ஏம்ட்டி?"

"நீங்க யானை வந்தாலும் நல்ல நேரமான்னு பாப்பீங்க."

மனைவி சிரித்த சிரிப்பில் சடையைப் பின்ன முடியவில்லை. "ஒங்களுக்குத்தான் உப்பு இருக்குல்லா, போங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

உப்பளம் போகிற பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் முழுக்க நம்மாட்கள். கதிர்காமத்துக்கும் இடம் காலியாகவில்லை, அண்ணாச்சியும் இருந்தார். வழிகாட்டியாக வந்த இலங்கைத் தமிழ் இளைஞர் நல்ல பையன். கடல் தண்ணீரைப் பாத்தியில் விடுவதிலிருந்து பொறுமையாக விளக்கினார். நாங்களும் மரியாதையாகக் கேட்டோம். குளத்தூரில் பிறந்த ஓர் அக்காவால் மட்டும் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, இந்தப் பாத்தியில பழைய தண்ணிய வடிக்காம விட்டுருக்கீய. உப்பு கசக்கும்."

அங்கே வேலை செய்கிறவர் ஓர் உப்புக் கல்லை எடுத்து வாயில் போட்டார். முகம் சுருங்கியது. அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கையிலிருந்த வாருபலகையை வாங்கி, உப்பை ஓரத்துக்கு இழுத்துக் குவித்துக் காட்டினார். வேலை செய்கிறவர்கள் எல்லாம் கை தட்டினார்கள்.

வழிகாட்டி திகைத்துப்போய்க் கேட்டார். "நீங்கள் எல்லாரும் உப்புக் கொம்பனி ஆக்களோ?"

"இல்ல தம்பி, பெயின்ட் யாவாரம்" என்றார் அண்ணாச்சி. "ஊருதான் உப்பு."

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் கண் அடிக்கடி கடிகாரத்துக்குப் போனது. இந்நேரம் ஜீப் காட்டுக்குள் போயிருக்கும். வந்திருக்குமா? ஒன்றாவது வந்திருக்குமா? இங்கே போனும் வேலை செய்யவில்லை. வெறுங்காட்டைச் சுற்றிவிட்டு வந்தால் அவளிடம் என்ன சொல்வது?

மூன்று மணிக்கு எங்கள் பஸ் திரும்பியது. மற்றவர்கள் கப்பலுக்குள் போனார்கள். நான் துறைமுகத்து வெயிலிலேயே நின்றேன். நாலரைக்கு யானைக் காட்டு பஸ் வந்தது. மற்றவர்கள் இறங்கிய பிறகு மகள் இறங்கினாள். தலை, புருவம் எல்லாம் செம்மண். முகத்தில் சிரிப்பில்லை. உதட்டை இறுக்கி மூடியிருந்தாள்.

"பாத்தியாட்டி?"

பின்னால் வந்த அவள் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மகள் வலது கையை என் முகத்துக்கு நேரே விரித்தாள். மூடினாள். மறுபடி விரித்தாள். மூடினாள். இன்னொரு தடவை விரித்தாள். பிறகு இரண்டு விரல்.

"பதினேழு!" என்று கத்தினாள். "பேசினா எண்ணிக்கை மறந்துரும்னு வழியெல்லாம் பேசவே இல்லப்பா!"

அதற்குப் பிறகு அவள் வாய் மூடவே இல்லை. அறைக்குப் போகிற நீளமான நடைவழியில் கதை மும்முரமாகிவிட்டது. பதினேழில் ஒன்று குட்டியாம். அம்மா யானையின் கால்களுக்கு இடையிலேயே நடந்து ரோட்டைக் கடந்ததாம். சொன்னால் எனக்குப் புரியாது என்று முடிவு செய்துவிட்டாள். அவள்தான் அம்மா யானை; நான் குட்டி. நான் முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தபோது எதிரே அண்ணாச்சி வந்தார்.

"என்ன வே இது, நடுவழியில?"

"பெரியப்பா, அங்கனயே நில்லுங்க!" என்றாள் மகள். "யானைக் கூட்டம் கடக்குது."

அண்ணாச்சி மறு பேச்சு பேசாமல் சுவரோரம் ஒதுங்கி, இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"அப்பம் நான் மரமா நிக்கேன். பாத்துப் போங்க, என்னைச் சாச்சிராதிய."