மகேஸ் அக்காவும் நானும் ஒரு ஃப்ரீஸரும்

ஃப்ரீஸர் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து படும் குளிர்... அதோடு சேர்ந்து வரும் மிளகாய்ச் சம்பால் வாசம்.

அந்தச் சம்பால் என்னுடையது இல்லை. மகேஸ் அக்கா செய்து வைத்தது.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த அறை அது. இரண்டு கட்டில், ஒரு காற்றாடி, வீட்டுக்காரர் விட்டுப்போன சின்ன ஃப்ரிட்ஜ். தைப்பிங்கிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் அங்கேதான் தங்கினேன். இன்னொரு கட்டில் மகேஸ் அக்காவுக்கு. கூலிம் ஊர்க்காரர். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட்.

நான் கொமுட்டர் ரயில் பிடிக்கக் கிளம்பிய பிறகுதான் அவருடைய பஸ் வரும். நான் திரும்பி வரும்போது அவர் வேலைக்குப் போயிருப்பார். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பூச்சோங்கில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார். குடி வந்த அன்று வாசலில் ஐந்து நிமிடம் பேசி, நம்பர் வாங்கிக்கொண்டதோடு சரி. அப்புறம் எனக்கு அவர் என்றால், கலைந்த படுக்கை விரிப்பும் ஈரத் துண்டும்தான்.

என் வேலை கோலாலம்பூரில் ஒரு மாலில். அறிவியல் விளையாட்டுச் சாமான் விற்கும் ஸ்டால். தலையைக் குனிந்து குனிந்து தண்ணீர் குடிக்கும் கண்ணாடிப் பறவை, போத்தலை அமுக்கினால் மூழ்கி, விட்டால் மிதக்கும் பொம்மை... "வாங்க, இங்க பாருங்க" என்பதையே மூன்று மொழியில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் பார்க்கும், சிரிக்கும், போய்விடும். அறைக்குத் திரும்பினால் பேச ஆள் இல்லை. தொண்டை மட்டும் வலிக்கும்.

ஒருநாள் பூக்கடையில் ஒரு ரோஜா வாங்கி வந்தேன். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் அதை வைத்து, கிண்ணத்தோடு ஃப்ரீஸருக்குள் தள்ளினேன். பளிங்குக்குள் பூ இருப்பது போல் உறைந்திருந்தது. யாருக்காகச் செய்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் வந்து பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. ரோஜா, அக்காவின் முருகன் படத்தில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஐஸ் தட்டைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டிக்குள்ளும் ஒரு பச்சை மிளகாய். தனியாக நின்று சிரித்தேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஸ்டாலில் செய்து காட்டுவதையெல்லாம் அவருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். நூலை நனைத்து ஐஸ்கட்டி மேல் வைத்து, உப்புத் தூவி, கொஞ்ச நேரம் கழித்து நூலைத் தூக்கினால் கட்டியும் கூடவே வரும் என்று எழுதினேன். மதியம் பதில் வந்தது.

"வந்துருச்சு லா. யாருகிட்டயாச்சும் காட்டலாம்னு பாத்தேன். யாரும் இல்ல."

ஸ்டாலில் நின்றபடி அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒரு காலை எனக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகேஸ் அக்கா, தொழிற்சாலை யூனிஃபார்மோடு.

"ஏம்மா, இன்னும் போகலயா?" என்று கேட்டபடி நெற்றியைத் தொட்டார். "கொதிக்குதே. மாத்திரை போட்டியா?"

"இல்லக்கா. நீங்க தூங்குங்க. ராத்திரி முழுக்க முழிச்சிருந்தீங்க."

"தூக்கம் எங்க போகப்போகுது."

ஐஸ் தட்டை உடைத்துத் துண்டில் கட்டினார். "மிளகா ஐஸ்தான் இருக்கு. கண்ணுல படாம வைக்கிறேன், அசையாத."

கஞ்சி வைத்துக் கொடுத்தார். அன்று அவர் தூங்கவே இல்லை. கூலிம் வீட்டைப் பற்றிச் சொன்னார், அம்மாவின் முட்டி வலியைப் பற்றிச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்து எழுவேன். அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும் முன், ஃப்ரீஸரிலிருந்து ஒரு தண்ணீர் போத்தலை இரண்டு கையாலும் மெதுவாக எடுத்தார்.

"நீ எஸ்.எம்.எஸ்.ல எழுதுனியே, தட்டுனா உறையுற தண்ணி, அதுதான். ஒரு வாரமா வச்சு வச்சுப் பாக்குறேன். ஒண்ணு கல்லாயிடுது, இல்ல தண்ணியாவே கெடக்குது. இதையும் பாத்துடலாம்."

போத்தலைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். உள்ளே தண்ணீர்தான் இருந்தது... மேலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்து இறங்கி, எங்கள் கண்ணெதிரே முழுதும் உறைந்தது. அவர் போத்தலைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"பாத்தேல்ல?"

"பாத்தேங்க்கா."

போத்தலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "கலா, மாசக் கடைசியில நான் போறேம்மா. ஜோகூர்ல வேலை கெடச்சிருக்கு. பகல் ஷிஃப்ட். மனுஷங்க நடமாடுற நேரத்துல நானும் நடமாடணும்னு ஆசையா இருக்கு."

"நல்லதுதானேக்கா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

நான் வேலையில் இருந்த ஒரு நாளில் அவர் காலி செய்துகொண்டு போனார். மெத்தை சுருட்டியிருந்தது. ஃப்ரீஸரை உருக வைத்து, துடைத்து, சுத்தமாக விட்டுப் போயிருந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. கொஞ்ச நாள் எஸ்.எம்.எஸ். வந்தது. பிறகு நம்பர் மாறிவிட்டது.

இப்போது எனக்குச் செந்தூலில் அடுக்குமாடி கொண்டோ வீடு. கணவருக்குக் கடல் தாண்டிப் பிந்துலுவில் வேலை, மகள் சபாவில் படிக்கிறாள். ஃப்ரிட்ஜ் தானே ஐஸ் போட்டுக்கொள்கிறது. அன்று நாங்கள் செய்ததெல்லாம் இப்போது கைபேசியில் வீடியோவாக வருகிறது. பார்க்கிறேன், தள்ளிவிடுகிறேன்.

போன வாரம் லிஃப்டில் எதிர்வீட்டு ஆன்டி, கை நிறைய ஐஸ் பைகளோடு நின்றார். ஆறு வருடமாகச் சிரிப்பு மட்டும்தான் எங்களுக்குள். பெயர் தெரியாது.

"வீட்டுல விசேஷமா ஆன்டி?"

"இல்ல லா, ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சு. மீனெல்லாம் வாங்கி வச்சிருந்தேன்."

"எங்க வீட்டுல வைக்கலாமே. நான் ஒருத்திதான், நிறைய இடம் இருக்கு."

அவர் கொஞ்சம் தயங்கினார். "பரவால்லம்மா, நாளைக்கு ரிப்பேர்காரன் வந்துடுவான்."

அவர் கதவு சாத்திக்கொண்டது. நான் உள்ளே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஃப்ரீஸரில் ஓர் அடுக்கைக் காலி செய்து வைத்தேன்.