ஒற்றைக்கண்ணனுக்கு இரண்டு விளக்கு

என் மனைவியை எங்கள் தெருவில் எல்லோரும் பல் டாக்டரம்மா என்பார்கள். அவள் டாக்டர் இல்லை. டாக்டர் பிடுங்கிய இடத்தில் வைக்க வேண்டிய பல்லைச் செய்பவள். இருபத்தாறு வருஷமாக ஒரு பல் லேபில் வேலை. மெழுகில் பல்வரிசை கட்டி, அச்சில் புதைத்து, வெந்நீரில் வேகவைத்து, ரோஜா நிற ஈறோடு எடுத்துக் கொடுப்பாள். இந்த ஊரில் சிரிக்கிற பெரியவர்களில் பாதிப் பேர் அவள் புண்ணியத்தில்தான் சிரிக்கிறார்கள். "என்னைச் சிரிக்க வைக்கத்தான் உனக்கு நேரமில்லை" என்று சொல்லிப் பார்ப்பேன். அடுத்த வேளைச் சாப்பாட்டில் உப்பு கூடிவிடும்.

நான் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷத்தில் என் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. வேகம் அறுபதைத் தாண்டினால் என் வலது கால் தானாகவே பின்வாங்கிவிடும். இப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

எட்டு வருஷத்துக்கு முன் லேப் முதலாளி வீட்டைக் காலி செய்தபோது, ஷெட்டில் தூசி தின்றுகொண்டிருந்த காரை இவள் தலையில் கட்டினார். முப்பது வயதுக் கார். இரண்டே இருக்கை, வெளுத்துப்போன சிவப்பு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். முன்விளக்குகள் பானெட்டுக்குள் ஒளிந்திருந்து, பொத்தானை அழுத்தினால் மேலே எழும்ப வேண்டும். இடது விளக்கு எழும்பியது. வலது விளக்கு அசையவே இல்லை. அன்றைக்கே நான் அதற்கு ஒற்றைக்கண்ணன் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுதான். ஆனா உனக்குத் தொழிலே பல்லுதானே, கொஞ்சம் பார்த்திருக்கலாமே?" என்றேன்.

"உங்களைக் கட்டிக்கிட்டப்போ கூடத்தான் பார்க்கலை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் அவளுடையவை ஆயின. மற்றவர்கள் மனைவியோடு கடைத்தெருவுக்குப் போவார்கள். என் மனைவியின் இரண்டு பாதங்கள் மட்டும் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ரேஸ் காருக்கான இறுகிய ஸ்பிரிங் போட்டாள். பிரேக்கை மாற்றினாள். எடை குறைந்த சக்கரங்கள் வந்தன. தலைக்குப் பின்னால் ஒரு இரும்பு வளைவு, கார் கவிழ்ந்தாலும் தலை நசுங்காமல் இருக்க. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கடைசியாகக் குழிந்த ரேஸ் சீட் வந்தது. ஆசைக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன், எழுந்திருக்க முடியவில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோல ஆட்டி ஆட்டித்தான் என்னை வெளியே எடுத்தாள்.

இதெல்லாம் எதற்கு? ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் ஒரு கார் கிளப் அங்கே வட்டப்பாதை அமைத்து, யார் வேண்டுமானாலும் தங்கள் காரை ஓட்டி நேரம் பார்க்க விடுவார்கள். பரிசு கிடையாது. ஆனால் உள்ளே போகும் முன் பரிசோதனை உண்டு. சாலையில் ஓடத் தகுதியான கார்தான் தளத்தில் ஓடலாம். முதல் வருஷம் சைலன்ஸர் சத்தம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் வலது விளக்கு எழும்பவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள்.

"மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டா வித்துடறேங்க. எனக்கும் வயசாகுது. போதும்."

அவள் அதை வருத்தத்தில் சொன்னாள். நான் அதைக் கல்வெட்டில் எழுதாத குறையாக மனசில் குறித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயம். அந்த இரும்பு வளைவுக்குக் கீழே அவள் தலை இருப்பதை நினைத்தாலே ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அதனால் மூன்றாம் வருஷம் நெருங்கியபோது, கார் மீது ஒரு கண் வைத்திருந்த மருந்துக்கடைக்காரரிடம், "திங்கட்கிழமை வந்து பாருங்க. அநேகமா உங்களுக்குத்தான்" என்று சொல்லிவைத்தேன். பரிசோதனை ஞாயிற்றுக்கிழமை. அவளிடம் மூச்சு விடவில்லை.

அவளோ விளக்கில் மூழ்கியிருந்தாள். எழும்புகிற விளக்கே வேண்டாம் என்று அதன் மூடியையும் மோட்டாரையும் கழற்றி எறிந்தாள். அந்தப் பள்ளத்திலேயே நிலையாக உட்காரும்படி கடையில் இரண்டு வட்ட விளக்குகள் வாங்கினாள். அவற்றைத் தாங்கும் கிண்ணம்தான் எங்கும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, வாயளவுக்குப் பல் செட்டு செய்பவளுக்குக் காரளவுக்குக் கிண்ணம் செய்யத் தெரியாதா? பள்ளத்தில், பல் அச்செடுக்கும் மாவைக் குழைத்து அப்பி அளவெடுத்தாள். மெழுகில் வடித்தாள். பல் செட்டு செய்கிற அதே அக்ரிலிக்கை அச்சில் அடைத்து, எங்கள் வீட்டின் பெரிய பாத்திரத்தில் வேகவைத்தாள். அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குத் திரும்பவில்லை. லேபில் மிச்சமிருந்தது ஈறு நிற அக்ரிலிக் மட்டும்தான் என்பதால் கிண்ணங்களும் ரோஜா நிறம். முன்னாலிருந்து பார்த்தால் கார் ஈறு தெரியச் சிரித்தது.

சோதனையிலும் குறை வைக்கவில்லை. கொதிக்கிற நீரில் போட்டாள், தரையில் போட்டாள், சுத்தியலால் தட்டினாள், சூடான காப்பியில் இரவு முழுக்க ஊறவைத்தாள். வாய்க்குள் போகிற பொருளுக்கு என்னென்ன சோதனை உண்டோ அத்தனையும் செய்தாள். விளக்கை மட்டும், பேட்டரி தீர்ந்துவிடுமே என்று, ஐந்து நிமிஷத்துக்கு மேல் எரியவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்தில் பரிசோதகர் காரைச் சுற்றி வந்தார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாமலே மனசை உடைக்கிற வகை. ஸ்பிரிங், பிரேக், சைலன்ஸர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். ரோஜா நிறக் கிண்ணத்தைப் பார்த்ததும் புருவம் மேலே போனது.

"இது நீங்களே செஞ்சதாம்மா?"

"ஆமாங்க."

"அழகா இருக்கு. கால் மணி நேரம் விளக்கு எரியட்டும், வந்து பார்க்கிறேன்."

பத்தாவது நிமிஷம் வலது விளக்கு தூக்கம் வந்தவன்போல மெல்லத் தலையைத் தொங்கப்போட்டது. பன்னிரண்டாவது நிமிஷம் இடதும் சேர்ந்துகொண்டது. எந்த வாயும் அவ்வளவு சுடாது, பாவம். விளக்கின் சூட்டில் அக்ரிலிக் இளகிவிட்டது.

பரிசோதகர் வந்து பார்த்தார். "பன்னிரண்டு மணிக்குப் பதிவு முடியுதும்மா. அதுக்குள்ள முடிஞ்சா திரும்பக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மணி பதினொன்றே கால். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் மருந்துக்கடைக்காரர் பணத்தோடு வந்து நின்றார்.

அவள் அழவில்லை, புலம்பவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு குறடையும் கம்பிச் சுருளையும் எடுத்தாள். பல் செட்டைப் பக்கத்துப் பல்லோடு பிடித்து நிறுத்தும் கொக்கிகளை வளைக்கிற எஃகுக் கம்பி அது.

"விளக்கு அக்ரிலிக்கைத் தொடக் கூடாதுங்க. கொக்கி போட்டு காரோட இரும்புல மாட்டிடறேன், நடுவுல காத்து ஓடும், சூடு தங்காது. முதல்ல கிண்ணம் நிமிரணும். சூட்டுல வளைஞ்சது சூட்டுலயே நிமிரும். விளக்கைப் போடறேன், நான் மாட்டி முடிக்கிற வரைக்கும் நேரா பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. உங்க கை நடுங்காது."

ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு பிடித்தேன். அவள் என் முழங்கைக்குக் கீழே குனிந்து கம்பியை வளைக்க ஆரம்பித்தாள். ஒரு வளைப்பு, ஒரு பார்வை, மறுபடி ஒரு முடி அளவு திருத்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவள் லேபுக்குள் காலடி வைத்ததில்லை. அவள் கை வேலை செய்வதை அன்றுதான் முதன்முதலாக இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்கிறேன். வீட்டில் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற அந்தப் பெண்ணா இது? விரல்களுக்கு அவசரமே இல்லை. இந்த நிதானத்துக்கு, என்னை விட நல்ல டிரைவர் இவள் என்று சட்டென்று தோன்றியது, வெட்கமாக இருந்தது.

துணி காய்ந்துகொண்டே வந்தது. கட்டைவிரல் சுட்டது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். விளக்கு கோணும், கிண்ணம் அப்படியே இறுகிவிடும், பன்னிரண்டு மணி தாண்டிவிடும். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். சுட்டுவிட்டது என்றால் தீர்ந்தது. அந்த எண்ணம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். கட்டைவிரல் கொப்பளித்தது. இரண்டு விளக்கும் முடியும்வரை விடவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பரிசோதகர் மறுபடி வந்தார். மறுபடி கால் மணி நேரம். அவள் விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஓரமாகப் போய் மருந்துக்கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"கார் விக்கிறதா இல்லீங்க. மன்னிச்சிடுங்க."

"ஏன், பாஸ் ஆயிடுச்சா?"

"இன்னும் தெரியலைங்க."

விளக்குகள் தலைகுனியவில்லை. பரிசோதகர் கம்பிக் கொக்கிகளைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார், காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், முதல்முறையாகச் சிரித்தார். என் மனைவி அவர் பல்வரிசையைக் கவனித்ததை நான் பார்த்தேன். தொழில் புத்தி எங்கே போகும்?

மத்தியானம் அவள் ஆறு சுற்று ஓட்டினாள். ஆறு சுற்றும் நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. நாற்பத்தொரு கார்களில் முப்பத்தெட்டாவது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. மூன்று பேரை ஜெயித்துவிட்டாளாம். அவள் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷம் பொங்கியது.

சாமான்களை எடுத்து வைக்கும்போது சாதாரணமாகக் கேட்டாள். "நாளைக்கு மருந்துக்கடைக்காரர் வர்றாராமே?"

"யார் சொன்னா?"

"அவரேதான். நேத்து தலைவலி மாத்திரை வாங்கப் போனேன்."

"வர மாட்டார். வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"எப்ப? பாஸ்னு சொல்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவள் சீட் பெல்ட்டைச் சுருட்டினாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"உனக்கு நேத்தே தெரியும். தெரிஞ்சுமா என்னைப் போய் விளக்கைப் பிடிக்கச் சொன்னே?"

"வேற யார் கையில கொடுப்பேன்?" என்றாள். என் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்து, கொப்பளத்தின் மேல் மெல்ல ஊதினாள்.