இடித்துக் கட்டிய அறை

மேஸ்திரி கட்டியதைவிட இடித்ததுதான் அதிகம். பழைய கட்டடங்களை இடிப்பதே அவர் பிழைப்பு. எங்கே சுவர் சரிந்தாலும், "மேஸ்திரி கை வெச்சிட்டாரா?" என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

அவர் மனைவி தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்தவள். வீட்டுக்கு வந்தால் மாடி அறையில் பழுதான ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு மழைநாளில் பேருந்துப் படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. அதன்பின் கூடத்துக் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான் அவள் உலகம். ரேடியோ பேச்சையே எடுப்பதில்லை. யார் எதிரிலும் அழுததும் இல்லை.

மேஸ்திரி அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தோட்டத்தில் அறை கட்டத் தொடங்கினார். இடித்த பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள், ஒரு மருத்துவமனையின் அகலமான கதவு, பழைய செங்கல், யார் வீட்டு உத்தரத்தையோ அறுத்துச் செய்த மேசை. வாசலுக்குப் படி வைக்கவில்லை. சரிவுப் பாதை போட்டார். பூச்சு காய்ந்ததும் அவளைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே நிறுத்தினார். மாடியிலிருந்த ரேடியோக்கள் மேசைமேல் வரிசையாக இருந்தன.

அவள் சுற்றிலும் பார்த்தாள். முகம் மலரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. என்னைக் கூடத்துலயே விட்டுடுங்க."

"ஏம்மா, பிடிக்கலையா?"

"நீங்க தள்ளினாத்தான் வரலாம், நீங்க இழுத்தாத்தான் போகலாம். அதுக்கு எந்த அறையா இருந்தா என்ன?"

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவள் கண்ணயர்ந்திருந்தபோது அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! செங்கல் சுமந்து உரமேறிய கைகளே பாதிச் சரிவில் தளர்ந்தன; நாற்காலி பின்னோக்கி உருண்டது. எப்படியோ உள்ளே போனால், முட்டி மேசைக்கடியில் நுழையவில்லை. ஜன்னல் கொக்கி எட்டவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே அளந்திருக்கிறார்.

அன்று மாலையே கடப்பாரையை எடுத்தார்.

"எதுக்குங்க இடிக்கிறீங்க?" என்று கூடத்து ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"தப்பாக் கட்டிட்டேன். வெளிய வா. எவ்வளவு உயரம், எவ்வளவு சரிவுன்னு நீ சொல்லு."

அவள் சொன்னாள். சொன்னது மட்டுமல்ல, அதட்டினாள். "இன்னும் நீட்டுங்க. இது மலையேறவா, மனுஷி போகவா?" பாதை நீண்டு நீண்டு, மரத்தைச் சுற்றி வந்து, மேஸ்திரி ஆசையாய் வளர்த்த கத்தரிப் பாத்தியையும் விழுங்கியது.

முடிந்த அன்று அவள் தனியாகவே ஏறினாள். வழியில் மூச்சு வாங்கி நின்றபோது மேஸ்திரி ஓடினார்.

"தொடாதீங்க."

நின்றுவிட்டார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து வரும் அழுகை. மேஸ்திரியின் கை கதவுவரை போயிற்று, தட்டாமல் திரும்பியது. அவள் மனம்விட்டு அழட்டும் என்று தெருப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப்பின் எத்தனையோ வருஷம் அந்த அறை இருந்தது. அவள் கூப்பிடாமல் ஒருநாளும் அவர் உள்ளே போனதில்லை.