ரிசீவர் மேல் ஒட்டிய காந்தம்

நான் ஏரலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நானே செய்த மாடல் விமானத்தின் மூடி ஆடாமலிருக்க, ரிமோட் சிக்னலை வாங்கும் பழைய ரிசீவருக்கு மேலேயே மூடியில் ஒரு ஸ்பீக்கர் காந்தத்தை ஒட்டினேன்.

பெரியதாழை கடற்கரையில் அழகாக எழும்பியது. சற்றுத் தூரம் போனதும் கட்டுப்படாமல், வலை தைத்துக்கொண்டிருந்தவர்களை நோக்கிப் பாய்ந்தது.

"அண்ணாச்சி, திருப்புங்க! ஆளுக இருக்காவ!" என்று ஒருவர் கத்தினார்.

"கேக்க மாட்டேங்குதே!" என்றேன். ரிமோட்டில் விமானத்தை மேலேற்றும் குச்சியை இழுத்துப் பிடித்தபடியே இருந்தேன்.

பாய்ந்த வேகத்தில் காற்று மூடியைக் காந்தத்தோடு பிய்த்தெறிந்தது. மறுநொடியே சிக்னல் கிடைத்து, அவர்கள் தலைக்கு மேல் விமானம் செங்குத்தாக வானேறியது. எல்லோரும் வாய்பிளந்து பார்த்தோம்.

பக்கத்திலேயே இருந்த காந்தம்தான் பழைய ரிசீவரின் காயில்களைக் கெடுத்து, தூரத்துச் சிக்னலை வாங்கவிடாமல் செய்திருக்கிறது. இப்போது மூடிக்கு ரப்பர் பேண்டுதான். ரிமோட்டோடு தூரமாக நடந்துபோய், சிக்னல் எட்டுகிறதா என்று பார்க்காமல் பறக்கவிடுவதில்லை.